நூல்நிலையமும் பொறியியல் மாணவனும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இங்கே அமர்ந்திருக்கும் இளைஞருட் சிலர் பொறியியல் பயில்கின்றனர். இன்னும் சிலர் பயில விரும்புகின்றனர். அவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இறுதியாண்டில் ஓர் ஆராய்ச்சி செய்து அறிக்கை எழுத வேண்டும் என்கிறார்கள். முதலில் நூல்நிலையத்துக்குப் போ என்கிறார்கள். போய் என்ன செய்வது?" என்பதே அது.

இக்கேள்வி நாணத்தக்கதன்று. பள்ளிக்கூடத்திற் பாடநூல் கையில் இருக்கும்; வினா தாளில் இருக்கும்; விடையை மட்டும் மாணவன் எழுதினாற் போதும். பல்கலைக்கழகத்திலோ வினாவையும் அவனே ஆக்க வேண்டும். அவ்வினாவுக்கு வேறு யாரேனும் முன்னரே விடை கண்டுள்ளனரா என்பதையும் அவனே தேட வேண்டும். இத்தேட்டத்தை எவ்வாறு தொடங்குவது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நூல்நிலையம் கலைத்துறை மாணவருக்கும் சட்டம் படிப்போருக்கும் உரியது, பொறியியல் மாணவனுக்குப் பட்டறையும் ஆய்வுகூடமும் போதும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து பிழையானது. ஒரு பாலமோ அணையோ சுவரோ இடிந்து விழுந்தால், அதன் காரணத்தை ஆராய்ந்து யாரோ ஒருவர் எங்கோ எழுதி வைக்கிறார். அதைப் படியாதவன் அதே பிழையைத் திரும்பச் செய்கிறான். பிழையின் விலையைக் கட்டுவோர் அந்தச் சுவரின் கீழே குடியிருப்போர். ஆகவே பொறியியலாளனுக்கு வாசிப்பு அலங்காரமன்று. அது அவனுடைய கடமையின் ஒரு பகுதி.

பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் மனதிற் பதியாது. ஆதலால் நம் கண்முன்னே நிற்கும் ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். கண்டி மலைநகரம். இங்கு வீடு கட்டுவோர் சரிவை வெட்டிச் சமதரை ஆக்குகின்றனர். வெட்டிய மண்ணைத் தாங்க வீட்டின் பின்னால் ஒரு சுவர் எழுப்புகின்றனர். மழைக்காலத்தில் அச்சுவர் வயிறு தள்ளுகிறது. சில இடங்களில் இடிந்து வீட்டுக்குள்ளே விழுகிறது. இதைப் பற்றி ஆராய வேண்டுமென்று ஒரு மாணவன் விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எங்கே தொடங்குவது?

முதலாவது, வினாவைச் சிறிதாக்குதல். "மண்சரிவு" என்று தலைப்பிட்டுக்கொண்டு நூல்நிலையத்துள் நுழைபவன் வெறுங்கையோடுதான் திரும்புவான். அத்தலைப்பில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. ஓராண்டில் எவராலும் அவற்றைப் படித்து முடிக்க இயலாது. அகல உழுவதிலும் ஆழ உழு என்பது நம் உழவர் வாக்கு. "கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், மூன்று மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள வீட்டுச் சுவர்கள் மழைக்காலத்தில் ஏன் சாய்கின்றன?" என்று கேட்டால் அது வினா. அதில் இடம் உண்டு, பொருள் உண்டு, அளவு உண்டு, காலமும் உண்டு. இந்நான்கும் இல்லாத வினாவை இன்னும் ஒரு நாள் மேசைமேல் வைத்து யோசிப்பது நல்லது. படிக்கப் படிக்க வினா மாறும் என்பதும் உண்மையே. மாறட்டும். ஆனால் வினாவே இல்லாமற் படிக்கத் தொடங்கலாகாது.

இரண்டாவது, சொற்களைச் சேர்த்தல். ஒரே பொருளைப் பல துறையினர் பல பெயரால் அழைக்கின்றனர். நாம் மண்சரிவு என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் "லாண்ட்ஸ்லைட்" என்பார். மற்றொருவர் "ஸ்லோப் ஃபெயிலியர்" என்பார். புவிச்சரிதவியலார் "மாஸ் மூவ்மென்ற்" என்பார். இலங்கையின் பழைய அறிக்கைகளிலோ "ஏர்த்ஸ்லிப்" என்ற சொல் வரும். முதற்சொல்லை மட்டும் அறிந்த மாணவனுக்குப் பழைய அறிக்கைகளின் கதவு திறவாது. ஆகவே ஒரு சிறு கொப்பி வாங்கி, இடப்பக்கத்திற் தமிழ்ச்சொல்லும் வலப்பக்கத்தில் அதற்குரிய ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் எழுதிவர வேண்டும். புதிய கட்டுரை ஒவ்வொன்றும் அக்கொப்பிக்கு ஒரு சொல்லையேனும் தரும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் முதன்முதலாகப் பொறியியலைச் சந்திக்கும் நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இக்கொப்பி ஊன்றுகோல் போன்றது. அவர்களுக்கு அறிவு குறைவன்று, சொல்லே குறைவு. சொல்லைச் சேர்க்கலாம்.

மூன்றாவது, தட்டை அறிதல். பேராதனையில் மகாவலியின் ஒரு கரையிற் பொறியியற் பீடமும் அதன் நூல்நிலையமும் உள்ளன; ஆற்றைக் கடந்தால் மறுகரையிற் பல்கலைக்கழகத்தின் பெரிய நூல்நிலையம் உள்ளது. 1950 இற் கொழும்பிலே தொடங்கிய இப்பீடம் 1964 இற் பேராதனைக்கு வந்தது. பெரிய நூல்நிலையம், இலங்கையில் அச்சாகும் நூல்களின் ஒரு படி சட்டப்படி வந்து சேரும் இடங்களுள் ஒன்று. இவ்விரண்டையும் தவிர, நகருக்குள்ளேயே டி. எஸ். சேனநாயக்கா நினைவுப் பொது நூல்நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழகத்திற் சேராத இளைஞரும் அங்கே தொடங்கலாம்.

நம் நாட்டு நூல்நிலையங்களிற் பெரும்பாலும் தூயி என்னும் அமெரிக்கர் 1876 இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை வழங்குகிறது. அம்முறையில் குடிசார் பொறியியல் 624 என்ற எண்ணில் இருக்கும். மண்ணைத் தாங்கும் சுவர்கள் 624.164 இல் இருக்கும். இத்துடன் மாணவன் நின்றுவிடலாகாது. சரிவைப் பற்றிய புவிச்சரிதவியல் நூல்கள் 551.3 இலும், மழையைப் பற்றியவை 551.57 இலும் வேறொரு தட்டில் இருக்கும். சுவர் இடிவது ஒரே நிகழ்ச்சி. அதன் காரணங்களோ மூன்று தட்டுகளிற் பிரிந்து கிடக்கின்றன. நூல்நிலையத்துள் நடந்து திரிவதும் ஆராய்ச்சியே என்று நாம் சொல்வது இதனாலேதான். வேண்டிய நூலை எடுத்த பின் அதன் இருபுறமும் உள்ள பத்து நூல்களின் முதுகையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இவ்விடத்தில் நூலகரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்று மட்டும் எண்ணுவோர் பலர். சீர்காழியில் 1892 இற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்து, 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931 இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். வாசகனின் நேரம் வீணாகாமற் காப்பது நூலகரின் கடமை என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. ஆகவே வெட்கப்படாமற் சென்று, "இதுவே நமது வினா, இவை நாம் தேடிய சொற்கள், இவ்வளவு கிடைத்தது, இனி எங்கே பார்க்கலாம்?" என்று கேளுங்கள். இவ்வாறு ஆயத்தத்தோடு வருபவனுக்கு நூலகர் மகிழ்ந்து உதவுவார். "மண்சரிவு பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பவனுக்கு அவரால் உதவ முடிவதில்லை.

நான்காவது, படிப்படியாக ஏறுதல். கையேடும் பாடநூலும் முதற்படி. பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கட்டுரைகள் இரண்டாம் படி. தனி ஆய்வுக் கட்டுரைகள் மூன்றாம் படி. பல்கலைக்கழகத்திற் கிடைக்கும் பழைய ஆய்வேடுகளும், அரச நிறுவனங்களின் அறிக்கைகளும், கட்டட நியமங்களும் நான்காம் படி. மாணவர் பலர் நேரே மூன்றாம் படியிற் பாய்ந்து, ஒரு பந்தியும் விளங்காமல் மனம் சோர்கின்றனர். பாடநூலை இகழாதீர்கள். நமது சுவருக்கு அது என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மண் சுவரைத் தள்ளும் விசையைக் கணக்கிடும் வழியைக் குலோம் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் 1776 இல் அச்சிட்டார். அவர் அதற்கு முன் மார்த்தினீக் என்னும் வெப்பமான தீவிற் கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர். 1857 இல் இரங்கின் என்பார் அதற்கு வேறொரு வழி கண்டார். அவ்வழிப்படி மூன்று மீற்றர் உயரமான ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னாற் சமதரை; மண்ணின் நிறை ஒரு கன மீற்றருக்கு 18 கிலோநியூற்றன்; உராய்வுக் கோணம் 30 பாகை. நீர் நன்றாக வடியுமானால் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் மண் ஏறக்குறைய 27 கிலோநியூற்றன் விசையோடு தள்ளும். நீர் வடியாமற் சுவரின் உச்சிவரை நிரம்பினால், மண்ணின் தள்ளல் ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும். ஆனால் நீர் தனியே 44 கிலோநியூற்றன் அளவுக்குத் தள்ளும். மொத்தம் ஏறக்குறைய 58. அதாவது இரு மடங்குக்கும் மேல். சுவரில் நீர் கசியும் துளைகள் அடைபட்டிருந்தால், மேசன் கட்டியது ஒரு சுவர், மழை தள்ளுவது இரண்டு சுவருக்குரிய விசை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நம் மாணவன் கண்டுபிடிக்கப் போவதாக எண்ணியிருந்த விடையின் பெரும்பகுதி வெகுகாலத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதை அறியாமல் ஓராண்டு முழுவதும் சுவர்களை அளந்து, "நீர் தேங்கினாற் சுவர் விழும்" என்று முடிவுரை எழுதினால் அந்த ஓராண்டு வீண். அறிந்துகொண்டால் அவன் அதற்கப்பால் நின்று கேட்கலாம்: துளைகள் எத்தனை ஆண்டிற் தூர்ந்து போகின்றன? எந்த மண்ணில் விரைவாகத் தூர்கின்றன? எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர் தேங்குகிறது? இவை கண்டி மலைகளில் நின்றே விடை காண வேண்டிய வினாக்கள். ஏற்கெனவே அறியப்பட்டது எங்கே முடிகிறது என்று காட்டுவதே நூல்நிலையத்தின் முதற்பயன். நமது உழைப்பு அந்த எல்லையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, எழுதியவன் எந்த மண்ணில் நின்று எழுதினான் என்று கேட்டல். பாடநூல்களிற் பல ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அவற்றில் வரும் மண், ஆறும் கடலும் கொண்டுவந்து படிவித்த களியும் மணலும் ஆகும். நம் மலைநாட்டு மண்ணோ பெரும்பாலும், பழைய பாறை வெயிலாலும் மழையாலும் நின்ற இடத்திலேயே உக்கி உண்டானது. மேலே சிவந்த மண். கீழே பாறையின் கோடுகள் இன்னும் தெரியும் உக்கல். அதற்குள்ளே உருண்டைக் கற்கள். இலண்டன் களிமண்ணுக்கு அளந்த எண்ணை இதற்கு அப்படியே இடுதல் தகாது.

அப்படியானால் யாரைப் படிப்பது? நம்மைப் போல உக்கிய மலைமண்ணும் கடும் மழையும் நெருக்கமான குடியிருப்பும் உள்ள இடத்தைத் தேட வேண்டும். ஹொங்கொங் அத்தகைய இடம். அங்கு 1972 இலும் 1976 இலும் நேர்ந்த சரிவுகளிற் பலர் மாண்டபின், 1977 இற் சரிவுகளைக் கவனிப்பதற்கென்றே ஓர் அரச அலுவலகம் அமைக்கப்பட்டது. அது வெளியிட்ட சரிவுக் கையேடும், தாங்கு சுவர் பற்றிய வழிகாட்டியும் இன்று இணையத்திற் காசின்றிக் கிடைக்கின்றன. பேராதனையில் இருந்துகொண்டே ஹொங்கொங்கின் அநுபவத்தைப் படிக்கலாம். படித்துவிட்டு, எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்து எழுதுங்கள். அப்பிரிப்பே நல்ல ஆராய்ச்சி அறிக்கையின் பாதி.

ஆறாவது, சங்கிலியைப் பிடித்தல். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால், அதிலிருந்து பின்னோக்கியும் போகலாம், முன்னோக்கியும் போகலாம். இதற்கு நம்மவர் ஒருவரின் கட்டுரையையே உதாரணமாகக் காட்டுவோம். வடமராட்சியிற் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்று, கேம்பிறிட்ஜில் மண்ணியக்கவியல் ஆராய்ந்து, பேராதனையிற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கி, 1994 இல் மறைந்தவர் அழகையா துரைராசா. றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்னும் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று 1963 இல் "ஜியோடெக்னிக்" என்னும் சஞ்சிகையின் 13 ஆம் தொகுதியில் வெளியாயிற்று. நீர் மிகுந்த களிமண் எந்நிலையில் விட்டுக்கொடுக்கத் தொடங்குகிறது என்பதே அதன் பொருள். களிமண் உருக்குலையும்போது அதனுள்ளே செலவாகும் சக்தியைக் கணக்கிடுவதற்குத் துரைராசாவின் சோதனைகள் பெரிதும் உதவின.

இக்கட்டுரையின் இறுதியில் உள்ள பட்டியலைப் பார்த்துப் பின்னோக்கிப் போனால், அதே சஞ்சிகையில் 1958 இல் றொஸ்கோவும் ஸ்கோஃபீல்டும் றோத்தும் எழுதிய கட்டுரையை அடையலாம். அக்கருத்தின் வேர் அங்கே தெரியும். முன்னோக்கிப் போனால், 1968 இல் ஸ்கோஃபீல்டும் றோத்தும் வெளியிட்ட நூலும், அதே ஆண்டில் றொஸ்கோவும் பேலண்டும் அக்கொள்கையைத் திருத்தி எழுதிய கட்டுரையும் கிடைக்கும். கேம்பிறிட்ஜ் நகரில் ஓடும் ஆற்றின் பெயரால் "கேம் களி" என்று வழங்கும் அக்கொள்கை, திருத்திய வடிவில் இன்றும் பொறியியலாளரின் கணினிகளில் வேலை செய்கிறது. முன்னோக்கிப் போவதற்கு அக்காலத்திற் பெரிய சுட்டித் தொகுதிகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று கூகுள் ஸ்கொலர் போன்ற தேடுதளத்திற் கட்டுரையின் பெயரை இட்டால், அதை மேற்கோள் காட்டியவர்களுட் பலரை உடனே காட்டிவிடும். ஒரு கட்டுரை, அதன் முன்னோர் ஐவர், அதன் பின்னோர் ஐவர். இந்தப் பதினொன்றைக் கவனமாகப் படித்தவன், தலைப்பை மட்டும் பார்த்து நூறு கட்டுரை சேர்த்தவனைவிட அதிகம் அறிவான்.

ஏழாவது, படிக்கும் முறையும் குறிக்கும் முறையும். ஆய்வுக் கட்டுரையைக் கதைபோல முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டியதில்லை. முதலிற் சுருக்கம், பிறகு முடிவுரை, பிறகு படங்களும் அட்டவணைகளும். இம்மூன்றும் நமது வினாவுக்கு உதவும் என்று தெரிந்தால் மட்டும் முழுவதையும் படியுங்கள். படிக்கும்போது, என்ன அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள், எத்தனை முறை அளந்தார்கள், எதை அளக்காமல் ஊகித்தார்கள் என்ற நான்கு கேள்விகளை மனத்தில் வைத்திருங்கள்.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டை வையுங்கள். கணினியில் வைத்தாலும் சரியே. ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, சஞ்சிகையின் பெயர், தொகுதி, பக்கம் ஆகியவற்றை வாசிக்கத் தொடங்குமுன்னரே எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டவன், அறிக்கை கொடுக்க வேண்டிய இரவில் அந்தப் பக்க எண்ணைத் தேடி அலைவான். அடுத்து, அவர்கள் சொன்னதை உங்கள் சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுதுங்கள். மூன்று வரியில் எழுத முடியாவிட்டால் விளங்கவில்லை என்பது பொருள். அவர்களது வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோட் குறியும் பக்க எண்ணும் இடுங்கள். பிறர் எழுத்தைத் தன் எழுத்தென்று காட்டுவது பொறியியலில் வெறும் நாணயக் குறைவு மட்டுமன்று. ஓர் எண் பிழையென்று பின்னர் தெரிந்தால், அது யாரிடமிருந்து வந்தது என்று தடம் பிடிக்க முடியாமற் போகும். அதுவே பெரிய ஆபத்து.

எட்டாவது, எண்ணின் பிறப்பைக் கேட்டல். மழைக்காலத்திற் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியிற் கேட்கிறோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாதல், 150 ஆனால் வெளியேறுதல் என்று அவ்வெண்கள் அமைந்திருக்கின்றன. குடியிருப்போர் அவற்றுக்கு உடனே கீழ்ப்படிய வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பொறியியல் மாணவன், இவ்வெண்கள் எத்தனை சரிவுகளின் பதிவுகளிலிருந்து வந்தன, மழைமானி சரிவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது, முந்திய வாரத்து மழைக்கு அதில் இடம் உண்டா என்று தேட வேண்டும். குறை காண்பதற்கன்று, அவ்வெண்ணை இன்னும் செம்மையாக்குவதற்கு.

இத்தகைய செய்திகள் சஞ்சிகையில் மட்டும் இரா. அந்நிறுவனம் ஆக்கிய சரிவு அபாய வலயப் படங்கள் 1:50,000 அளவிலும் 1:10,000 அளவிலும் உள்ளன. 1906 இல் இலங்கைப் பொறியியற் சங்கமாகத் தோன்றிய இன்றைய பொறியியலாளர் நிறுவகத்தின் வெளியீடுகளில் நம் நாட்டு அநுபவம் பலவாறு பதிவாகியிருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தில் மழைக் கணக்கு இருக்கிறது. இவற்றைப் பார்க்கக் கடிதம் எழுதி, அனுமதி பெற்று, நாட்கணக்கிற் காத்திருக்க வேண்டும். ஆதலால் அவ்வேலையை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். சில அறிக்கைகளுக்கு ஒரே ஒரு படிதான் இருக்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்தபோது, 97,000 அளவிலான நூல்களோடு வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அழிந்தன. ஒரே படியாயுள்ள எதையும் கண்டால், உரியவரின் அனுமதியோடு அதைப் படமெடுத்துப் பேணுவதும் ஆராய்ச்சி மாணவன் செய்யும் தொண்டேயாம்.

இணையத்தைப் பற்றிக் கேட்பீர்கள். நாம் அதற்குப் பகைவரல்லேம். பண்டாரவளையில் ஒரு வீட்டில் இருந்துகொண்டே உலகத்துச் சஞ்சிகைகளைத் தேடும் வசதி நம் முன்னோர்க்கு வாய்க்கவில்லை. ஆனால் அண்மைக் காலத்தில், கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துள்ளன. அவை சில வேளைகளில் இல்லாத ஆசிரியரையும் இல்லாத கட்டுரையையும் உள்ளவை போலவே அழகாகச் சொல்லிவிடும். சொற்களை விளங்கிக்கொள்ளவும், தேடும் வழியைக் கேட்கவும் அவற்றைப் பயன்படுத்தலாம். அவை சொல்லும் ஒரு கட்டுரையையும் கண்ணாற் காணாமல் உங்கள் பட்டியலிற் சேர்க்காதீர்கள். படியாத கட்டுரையைப் படித்ததாகக் காட்டுவதும், சோதியாத கம்பியைச் சோதித்ததாகக் கையெழுத்திடுவதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள்.

இவ்வளவும் கேட்டு, படிப்பிலேயே காலம் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். நூல்நிலையத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புதிதாக எடுக்கும் கட்டுரைகள் நீங்கள் முன்னரே படித்தவற்றையே திரும்பத் திரும்பக் காட்டத் தொடங்கினால், முதற்சுற்று முடிந்தது என்று அறியுங்கள். அப்பொழுது ஒரு தாளில் மூன்று பந்தி எழுதுங்கள்: இதுவரை அறிந்தது யாது, எதில் ஆய்வாளர் ஒருவரோடொருவர் மாறுபடுகின்றனர், எதை இன்னும் எவரும் அளக்கவில்லை. அத்தாளை விரிவுரையாளரிடம் கொடுங்கள். பிறகு அளவு நாடாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கப் போங்கள். முன்பு கல்லும் சாந்துமாகத் தெரிந்த சுவர் இப்பொழுது பேசத் தொடங்கும். துளை எங்கே, ஈரம் எங்கே, வெடிப்பு எந்த உயரத்தில் என்று கண் தானே தேடும். படித்த கண்ணுக்கு மட்டுமே அவை தெரியும்.

நிறைவாகப் பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதத்தில் அரநாயக்கையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் நமது கண்டி மாவட்டத்திலும் மலைகள் சரிந்து உயிர்கள் போயின. மீரியபெத்தையில் அறிவு இல்லாமற் போகவில்லை. அது கோப்பில் இருந்தது. கோப்பிலிருந்து மலையடிவாரத்து வீட்டுக்கு, அவ்வீட்டார் பேசும் மொழியில், அவர்கள் செயற்படக்கூடிய விதத்தில் அது வந்து சேரவில்லை. அந்த வழியை யார் அமைப்பது? நூல்நிலையத்திற் படிக்கத் தெரிந்தவனும், அந்த லயனிற் பிறந்து வளர்ந்தவனும் ஒருவனேயானால், அவனைவிடத் தகுதியானவன் வேறு யார்?

ஆகவே நமது சங்கம் ஒரு தட்டை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பொறியியல் பயிலும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் தமது இறுதியாண்டு அறிக்கையின் ஒரு படியையும், அதன் சாரத்தைத் தெளிந்த தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதியும் அத்தட்டில் வைக்கட்டும். பொதுவேலைப் பகுதியிலும் தோட்டங்களிலும் நீர்ப்பாசனத்திலும் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியோர்கள் தம் அலுமாரியில் உறங்கும் பழைய வரைபடங்களையும் குறிப்புகளையும், கொடுக்கத் தக்கவற்றைக் கொடுத்துதவட்டும். மழை பெய்த நாளில் எந்த வளவில் எந்தச் சுவர் சாய்ந்தது என்று திகதியோடு எழுதி வைக்கும் ஒரு கொப்பியும் அங்கே இருக்கட்டும். அடுத்த ஆண்டு ஒரு மாணவன் வந்து, எங்கே தொடங்குவது என்று கேட்பான். அவனை அந்தத் தட்டுக்கு அழைத்துச் செல்லலாம்.